கோவிட்டுக்குப் பின் ஐந்து மாதங்கள்: உறங்கி எழுந்தாலும் தீராத களைப்பு

செந்தூல் வாசகி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். 2023 டிசம்பரில், மலேசியாவில் ஒரே வாரத்தில் 20,000க்கும் மேற்பட்ட கோவிட் தொற்றுகள் பதிவான அந்த நாள்களில், எனக்கும் தொற்று கண்டது. மூன்று நாள் காய்ச்சல், தொண்டை வலி, ஒரு வாரம் இருமல், அவ்வளவுதான். மருத்துவமனைக்குப் போக வேண்டிய நிலை வரவில்லை. ஐந்து நாள் தனி அறையில் இருந்தேன், கஞ்சியும் மிளகு ரசமும் கதவருகே வந்தன, பரிசோதனைக் கருவியில் ஒற்றைக் கோடு தெரிந்ததும் வெளியே வந்தேன். புத்தாண்டுக்குள் அலுவலகத்துக்கும் திரும்பிவிட்டேன்.

இப்போது மே மாதம். எனக்கு வயது 39. ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. நாங்கள் குடியிருப்பது மின்தூக்கி இல்லாத ஐந்து மாடி அடுக்குமாடியில், நான்காம் மாடி. பதினோரு ஆண்டுகளாக அந்தப் படிகளை இரு கைகளிலும் பாசார் பைகளுடன் ஏறியவள் நான். இன்று மூன்றாம் மாடித் திருப்பத்தில், அந்த வீட்டார் துளசிச் செடி வைத்திருக்கும் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். இதயம் படபடவென்று அடிக்கிறது. மகனின் பள்ளிச் சட்டைக் காலரைச் சோப்புப் போட்டுத் தேய்க்கும்போது பாதியிலேயே கை கனத்துப்போகிறது. சட்டையை வாளியில் விட்டுவிட்டுக் குளியலறைத் தரையில் உட்கார்ந்த நாள்களும் உண்டு.

என்னை மிகவும் குழப்புவது இன்னொன்று. என் உடல் தேறினால் தைப்பூசத்தில் பால்குடம் எடுப்பதாக என் மாமியார் வேண்டிக்கொண்டார். ஜனவரி 25ஆம் தேதி, வியாழக்கிழமை, பத்துமலையின் 272 படிகளையும் பால்குடத்துடன் ஏறினேன். மூச்சு வாங்கியது, ஆனாலும் ஏறிவிட்டேன். வெள்ளிக்கிழமை கால்வலியைத் தவிர வேறொன்றும் இல்லை. முருகன் காப்பாற்றிவிட்டான் என்று எல்லாரிடமும் சொன்னேன். சனிக்கிழமை காலையில் தலையைத் தூக்க முடியவில்லை. காய்ச்சல் இல்லாமலே காய்ச்சல் கண்ட உடம்பைப் போல எலும்பெல்லாம் வலித்தது, வெளிச்சம் கண்ணைக் குத்தியது, பிள்ளைகள் பேசுவதைக்கூடக் காது தாங்கவில்லை. ஒன்பது நாள் அப்படியே கிடந்தேன். இடையில் ஒரு நாள் நான் முழுதாக நன்றாக இருந்ததால், பத்துமலைக்கும் இதற்கும் தொடர்பு இருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அதன்பின் இதே போல மூன்று முறை நடந்துவிட்டது.

இரத்தப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்றார்கள். வீட்டில் சிலர் சோம்பல் என்று நினைக்கிறார்கள். வீட்டிலிருந்தபடியே இதிலிருந்து தேறியவர்கள் யாராவது இருந்தால், என்ன செய்தீர்கள் என்று சொல்லுங்கள்.


ஆயர் ஈத்தாம் அன்பன் எழுதியது:

தங்கச்சி, வணக்கம். எனக்கு வயது 67. 2021 ஆகஸ்டில், நாட்டில் ஒரு நாளைக்கு 20,000 பேருக்கு மேல் பாதிக்கப்பட்ட காலத்தில், நான் பினாங்கில் மருத்துவமனையில் கிடந்தவன். நான்காம் நிலை, அதாவது நுரையீரல் அழற்சியோடு உயிர்வளியும் தேவைப்பட்ட நிலை. பன்னிரண்டு நாள் கழித்து வீட்டுக்கு வந்தபோது என் தொடைகள் மூங்கில் கழி போல இருந்தன. கழிவறைக்குப் போய் வருவதற்குள் வியர்த்துக் கொட்டும்.

நான் தேறியது நடையால்தான். முதலில் கூடத்துக்குள்ளேயே, சுவரைப் பிடித்துக்கொண்டு பத்து அடி. பிறகு வாசல் வரை, பிறகு தெருமுனை வரை. நான்காம் மாதம் தாவரவியல் பூங்காவில் ஒரு சுற்று. அடுத்த ஆண்டு தண்ணீர்மலைக் கோவிலின் 500க்கும் மேற்பட்ட படிகளை ஏறி முருகனைக் கண்டேன். உடம்பு சொல்வதைக் கேட்டுப் படுத்துக்கொண்டே இருந்தால், படுக்கையே பழகிப்போகும் என்பது என் அனுபவம். விடியற்காலையில் எழுந்து, முடியாவிட்டாலும் கொஞ்சம் நடங்கள். முதல் பத்து நாள்தான் கடினம்.


பிரிக்பீல்ட்ஸ்காரன் எழுதியது:

ஐயா, நீங்கள் மீண்டு வந்தது பெரிய விஷயம், அதை மனதார மதிக்கிறேன். ஆனால் உங்கள் அறிவுரையை என் மனைவி விஷயத்தில் நான் அப்படியே கடைப்பிடித்தேன்; அதனால் நேர்ந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

2022 மார்ச்சில் எங்கள் வீட்டில் நால்வருக்கும் தொற்று வந்தது. மூவர் தேறிவிட்டோம், அவள் தேறவில்லை. நான் தினமும் மாலையில் அவளை வற்புறுத்தி நடக்க அழைத்துச் செல்வேன். அவளும் என் மனம் நோகக்கூடாது என்று வருவாள். இரண்டு மாதத்தில், முன்பு சமையல் செய்துகொண்டிருந்தவள் நின்றபடி பல் துலக்கவும் முடியாத நிலைக்கு வந்துவிட்டாள். நான்தான் தள்ளினேன். செந்தூல் சகோதரி எழுதியிருக்கும் அந்த நடுவில் வரும் நல்ல நாள், அது எங்கள் வீட்டிலும் உண்டு. அதைப் பார்த்துத்தான் நான் ஏமாந்தேன். தயவுசெய்து அவசரப்பட்டு நடையைத் தொடங்காதீர்கள்.


பட்டர்வொர்த் தாதி எழுதியது:

நான் 34 ஆண்டுகள் அரசாங்க மருத்துவமனைகளில் தாதியாக வேலை செய்து ஓய்வு பெற்றவள். நான் மருத்துவர் அல்லள். இங்கே சொல்வது எதையும் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டே செய்யுங்கள். ஆனால் மேலே ஆயர் ஈத்தாம் ஐயா சொல்வதும் உண்மை, பிரிக்பீல்ட்ஸ் தம்பி சொல்வதும் உண்மை என்பதால், இரண்டும் எப்படி உண்மையாக இருக்க முடியும் என்பதை விரிவாக எழுத வேண்டும் என்று தோன்றியது.

படுக்கையில் பல நாள் கிடந்தவரின் தசை மெலிகிறது. ஐயாவுக்கு நேர்ந்தது அதுதான். அந்தக் களைப்புக்கு நடை மருந்து. நடந்த அன்று சோர்வு இருக்கும், மறுநாள் குறையும், வாரம் போகப் போகத் தூரம் கூடும். செந்தூல் தங்கை சொல்வது வேறு வகை. உழைத்த நேரத்தில் தாக்குப்பிடித்து, ஒரு நாளோ இரண்டு நாளோ கழித்து உடல் முழுவதும் சரிந்துபோவது, சரிந்தால் நாள்கணக்கிலோ வாரக்கணக்கிலோ எழ முடியாமல் கிடப்பது, வெளிச்சமும் ஓசையும் தாங்காமல் போவது. உழைப்புக்குப் பிந்திய நலிவு என்று இதைச் சொல்லலாம். இந்தக் களைப்பில் வற்புறுத்தி நடந்தால் நிலை மோசமாகும்.

இதை வெறும் மனப்பிரமை என்று யாராவது சொன்னால், 2024 ஜனவரியில் வெளிவந்த ஆம்ஸ்டர்டாம் ஆய்வைப் பற்றிச் சொல்லுங்கள். நீண்ட கோவிட், அதாவது தொற்று நீங்கியும் மாதக்கணக்கில் அறிகுறிகள் தொடரும் நிலை, உள்ள 25 பேரையும், கோவிட் வந்து முழுதாகத் தேறிய 21 பேரையும் மிதிவண்டி மிதிக்க வைத்து, மிதிப்பதற்கு முன்னும் பின்னும் தொடைத் தசையில் சிறு துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். நோயுள்ளவர்களின் தசையில் ஆற்றல் உண்டாக்கும் செயல்பாடு குறைந்திருந்தது, உழைப்புக்குப் பின் தசைச் சேதமும் கூடியிருந்தது. சாதாரண இரத்தப் பரிசோதனையில் இவை தெரிவதில்லை. அறிக்கையில் ஒன்றுமில்லை என்று வந்ததற்கும் உங்கள் உடலில் ஒன்றுமில்லை என்பதற்கும் நடுவே நிறைய தூரம் இருக்கிறது, தங்கை.

ஒரே ஒரு முறை விழுந்ததை வைத்து முடிவுக்கு வரவேண்டாம். ஒரு பழைய பள்ளி நோட்டை எடுத்து மூன்று வாரம் எழுதுங்கள். இன்று என்ன செய்தேன், எவ்வளவு நேரம் செய்தேன், எத்தனை மணி நேரம் உறங்கினேன், களைப்பு பத்துக்கு எத்தனை. நீளமாக எழுத வேண்டாம், ஒரு நாளுக்கு இரண்டு வரி போதும். விழுந்த நாளிலிருந்து 48 மணி நேரம் பின்னோக்கிப் பாருங்கள். காரணம் அங்கேதான் இருக்கும். உடல் உழைப்பு மட்டுமே காரணம் என்று நினைக்க வேண்டாம். மாதக் கடைசிக் கணக்கு முடிப்பது, உறவினர் வீட்டுச் சண்டை, மூன்று மணி நேரத் திருமண வரவேற்பு, எல்லாமே செலவுதான்.

பிறகு, நல்ல நாளில் செய்யக்கூடியதை வைத்துக் கணக்குப் போடாமல், மோசமான நாளிலும் செய்ய முடிந்ததை அளவாக வைத்துக்கொள்ளுங்கள். களைத்த பிறகு படுப்பது தாமதம். களைப்பு வருமுன்பே, கடிகாரத்தைப் பார்த்துப் பத்து நிமிடம் கண்ணை மூடிப் படுங்கள்; கைப்பேசி பார்ப்பது ஓய்வில் சேராது. குளியலறையில் ஒரு நெகிழி முக்காலி போட்டு உட்கார்ந்தே குளியுங்கள், வெந்நீர் வேண்டாம். வெங்காயம் உரிப்பதும் உட்கார்ந்தே. துணி துவைக்கும் நாளில் வீடு துடைக்க வேண்டாம். நல்ல நாள் வந்தால்தான் மிகவும் கவனம் தேவை, ஏனென்றால் விட்டுப்போன வேலையையெல்லாம் அன்றே முடித்துவிட வேண்டும் என்று நம் பெண்களின் மனம் துடிக்கும்.

ஆயர் ஈத்தாம் ஐயாவைப் போன்றவர்களுக்கும் அவசரம் கூடாது. உலகச் சுகாதார நிறுவனம் வெளியிட்ட தன்பராமரிப்புக் கையேட்டில், உடற்பயிற்சிக்குத் திரும்புவதை ஐந்து கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் குறைந்தது 7 நாள் இருக்கச் சொல்கிறார்கள். உழைப்புக்குப் பின் நலிவு வருகிறவர்கள் அந்தப் பயிற்சிப் படிகளில் ஏறக்கூடாது என்றும் அதே கையேடு சொல்கிறது. மருத்துவ வழிகாட்டிகளை வெளியிடும் பிரிட்டனின் நைஸ் நிறுவனமும் 2021 அக்டோபரில், நாள்பட்ட களைப்பு நோய்க்குப் பயிற்சியைப் படிப்படியாகக் கூட்டும் சிகிச்சையைப் பரிந்துரைப்பதில்லை என்று தன் வழிகாட்டியை மாற்றியது. இது கோவிட்டுக்கென்று எழுதப்பட்ட வழிகாட்டி அன்று, ஆனால் அந்த நோயின் முதன்மை அடையாளமும் இதே நலிவுதான்.

நின்றால் இதயம் படபடப்பதையும் விட்டுவிடாதீர்கள். பத்து நிமிடம் படுத்திருந்து நாடித் துடிப்பை எண்ணுங்கள். எழுந்து நின்று, அசையாமல், பத்து நிமிடத்துக்குள் இரண்டு மூன்று முறை மறுபடி எண்ணுங்கள். அருகில் ஒருவர் இருக்கட்டும். தலை சுற்றினால் உடனே உட்கார்ந்துவிடுங்கள். நிமிடத்துக்கு 30 துடிப்போ அதற்கு மேலோ கூடி அப்படியே நீடித்தால், அந்த எண்களை எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள். வாயால் படபடப்பு என்று சொல்வதைவிடத் தாளில் இருக்கும் எண் அதிகம் கேட்கப்படும். உப்பும் நீரும் கூட்டிக்கொள்ளச் சிலருக்குச் சொல்வார்கள், ஆனால் இரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள் அதைத் தாமாகச் செய்யவே கூடாது.

இரத்தப் பரிசோதனையில் எதையெல்லாம் பார்த்தார்கள் என்றும் கேளுங்கள். இரத்தச் சோகை, தைராய்டு, சர்க்கரை, பி12 ஆகிய நான்கும் பார்க்கப்பட்டனவா? நம் சமூகத்தில் சர்க்கரை நோய் எவ்வளவு பரவலானது என்று உங்களுக்கே தெரியும். சைவ உணவுக்காரர்களுக்கு பி12 குறைவதும் உண்டு. கோவிட்டின் மேல் பழியைப் போட்டு, எளிதில் சரிசெய்யக்கூடிய ஒன்றை விட்டுவிடக் கூடாது.

மார்பு வலி, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறல், மயங்கி விழுதல், ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தல், ஒரு பக்கம் கை கால் செயலிழத்தல், உதடு நீலமாதல் ஆகியவற்றில் எது வந்தாலும் நோட்டில் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். 999க்கு அழையுங்கள்.


கெப்போங் ஆசிரியை எழுதியது:

தாதி அம்மா, உங்கள் பதிவைத் தாளில் அச்சிட்டு வைத்துக்கொண்டேன். எனக்கு உடலைவிட மூளைதான் களைத்துப்போகிறது. ஆறு ஆண்டுகளாக நான் கற்பித்த மாணவியின் பெயர், அவள் என் முன்னால் நிற்கும்போது வரவில்லை. கட்டுரை நோட்டு ஐந்து திருத்தினால் ஆறாவது நோட்டில் வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்கின்றன. இப்போது நான்கு நோட்டுடன் நிறுத்திவிட்டு, அறையை இருட்டாக்கிக் கொஞ்சம் படுக்கிறேன். முன்பு ஓர் இரவில் 38 நோட்டு திருத்துவேன். இப்போது மூன்று நாள் ஆகிறது, ஆனால் மூன்று நாளிலும் தவறில்லாமல் திருத்துகிறேன். அடுப்பை மூட்டினால் கைப்பேசியில் மணி வைக்கிறேன். பாத்திரம் இருமுறை கருகிய பிறகு வந்த பழக்கம் இது.


பிறைவாசி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நான் பிறை நகரில் ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை பார்க்கிறேன். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட், பெரும்பாலும் நின்றபடியே. வீட்டிலிருந்து தேறுவது என்று அண்ணன்மார்களும் அக்காமார்களும் எழுதுகிறீர்கள். வீட்டில் இருக்க முடிந்தால்தானே? எனக்கும் அதே களைப்புதான். ஜனவரியிலிருந்து எடுத்த எம்.சி. (மருத்துவ விடுப்புச் சீட்டு) பதினொன்று ஆகிவிட்டது. மேலாளர் என்னை அழைத்து, இனி எம்.சி. எடுத்தால் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பது கடினம் என்றார். களைப்பு வெளியே தெரியாதே, காய்ச்சலா, காயமா, காட்டுவதற்கு? கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு வருவதுதான் எனக்குக் கிடைக்கும் ஓய்வு.


பிரிக்பீல்ட்ஸ்காரன் எழுதியது:

தம்பி, நான் மனிதவளப் பிரிவில் வேலை செய்தவன் என்பதால் இதைச் சொல்கிறேன். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, இரண்டு ஆண்டுக்குக் குறைவாகப் பணியாற்றியவருக்கு ஆண்டுக்கு 14 நாள், இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் 18 நாள், ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் ஆனவருக்கு 22 நாள் சம்பளத்துடன் கூடிய மருத்துவ விடுப்பு உண்டு. மருத்துவமனையில் சேர வேண்டி வந்தால் அதற்கு 60 நாள் தனி. உங்கள் சேவைக்காலம் எவ்வளவு என்று முதலில் பாருங்கள். இன்னும் எத்தனை நாள் மீதம் இருக்கிறது என்பது தெரிந்துவிட்டால் பாதி அச்சம் குறையும்.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. 2023 ஜனவரி 1ஆம் தேதி நடப்புக்கு வந்த திருத்தத்தின்படி, வேலை நேரத்தையோ நாளையோ இடத்தையோ மாற்றித் தரும்படி தொழிலாளர் எழுத்து மூலம் கேட்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்து மூலம் பதில் தர வேண்டும். மறுத்தால் காரணத்தையும் எழுத வேண்டும். கட்டாயம் கொடுத்தே ஆகவேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை, ஆனாலும் வாய்ப்பேச்சாக இருப்பது கோப்பில் ஏறிவிடும். வேலையே வேண்டாம் என்ற தொனி வராமல், செய்ய முடிந்ததைச் சொல்லி எழுதுங்கள்: ஆறு வாரத்துக்குப் பகல் ஷிப்ட், உட்கார்ந்து செய்யும் பிரிவு, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பத்து நிமிட இடைவேளை. அரசாங்கச் சுகாதார கிளினிக்கில் நம் குடிமக்களுக்கு ஒரு ரிங்கிட்தான். அங்கே தொடர்ந்து ஒரே இடத்தில் காட்டி, கோவிட்டுக்குப் பின் வந்த களைப்பு என்பதைப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். ஆளுக்கொரு கிளினிக்கில் வாங்கிய பதினொரு தனித்தனிச் சீட்டுகளைவிட, ஒரே மருத்துவரின் ஒரு கடிதத்துக்கு மதிப்பு அதிகம்.

நோய் தொடங்கியது முதல் பெரும்பாலும் மூன்று மாதம் கழிந்த நிலையில், இரண்டு மாதமாவது நீடித்து, வேறு நோயால் விளக்க முடியாத அறிகுறிகளை உலகச் சுகாதார நிறுவனம் 2021 அக்டோபரிலேயே கோவிட்டுக்குப் பிந்திய நிலை என்று வரையறுத்துவிட்டது. பெயருள்ள நோய் என்பதை மேலாளருக்குச் சொல்ல இது உதவும்.


செந்தூல் வாசகி எழுதியது:

இத்தனை பேர் இவ்வளவு அக்கறையுடன் எழுதுவீர்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. சோம்பல் இல்லை என்று ஒருவர் சொல்லக் கேட்டு எத்தனை மாதம் ஆயிற்று. தாதி அம்மா, இன்று காலை நோட்டு வாங்கிவிட்டேன். ஒரு கேள்வி மட்டும். மாமியார் நிலவேம்பும் கபசுரக் குடிநீரும் தருகிறார். அவர் அன்பாகத் தருவதை வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை. ஆயிரம் ரிங்கிட்டுக்கு ஆற்றல் தூள் விற்க வந்த உறவினர் ஒருவரும் இருக்கிறார்.


பட்டர்வொர்த் தாதி எழுதியது:

மாமியாரின் மிளகு ரசம் தொடரட்டும், அதில் ஒரு குறையும் இல்லை. கசாயங்கள் இந்த நீண்ட களைப்பைத் தீர்க்கும் என்பதற்குத் தகுந்த ஆதாரம் இல்லை. நிலவேம்பு சர்க்கரையைக் குறைக்கக்கூடியது; சர்க்கரை மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரிடம் சொல்லாமல் குடிக்க வேண்டாம். ஆயிரம் ரிங்கிட் தூளை வாங்காதீர்கள். அந்தப் பணத்தில் ஆறு மாதம் துணி துவைக்கும் கடைக்கு மூட்டையைக் கொடுத்துவிடலாம். உங்களுக்குத் தேவை அதுதான்.

அதோடு, இதைப் படிப்பவர்களில் இப்போதுதான் தொற்று கண்டு வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. காய்ச்சல் என்றால் கோவிட் மட்டும் என்று நினைக்காதீர்கள், நம் நாட்டில் டெங்கியும் உண்டு. டெங்கி இல்லை என்று தெரியும்வரை பாராசித்தமோல் தவிர வேறு வலி மாத்திரை வேண்டாம். விரலில் மாட்டும் உயிர்வளிக் கருவியை நகப்பூச்சு அழித்துவிட்டு, சில நிமிடம் உட்கார்ந்து ஓய்வெடுத்த பிறகு பாருங்கள். 95க்குக் கீழே இருந்தால் மருத்துவரிடம் பேசுங்கள். கறுத்த தோலில் இந்தக் கருவி சில நேரம் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும் என்பது 2020இல் அமெரிக்காவில் செய்த ஆய்வில் தெரிந்தது. ஆகவே எண் நன்றாக இருந்தும் மூச்சு முட்டினால், எண்ணை நம்பாமல் மூச்சை நம்புங்கள். காய்ச்சல் விட்ட மறுநாளே வீட்டைக் கழுவிவிடாதீர்கள்.


ஆயர் ஈத்தாம் அன்பன் எழுதியது:

மூன்று நாளாக இந்தப் பதிவுகளைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன். முன்பு எழுதாத ஒன்றை இப்போது எழுத வேண்டியிருக்கிறது.

என் இளைய மகளுக்கு 31 வயது. பாயான் லெப்பாசில் வேலை செய்கிறாள். அவளுக்கும் கடந்த நவம்பரில் தொற்று வந்தது. என் உடம்பைத் தேற்றிய வழி இது என்ற நம்பிக்கையில், பிப்ரவரியிலிருந்து தினமும் காலை ஆறரை மணிக்கு அவளை எழுப்பி அணைக்கட்டுப் பக்கம் நடக்க அழைத்துச் சென்றேன். வாரத்தில் இரண்டு நாள் எழமாட்டாள். நான் கதவைத் தட்டிக்கொண்டே நிற்பேன். அப்பா, இன்றைக்கு முடியவில்லை என்று அவள் சொன்னபோதெல்லாம், முடியாது என்று ஒன்றும் இல்லை என்று பதில் சொன்னேன்.

நேற்றிரவு தாதி அம்மா எழுதியதை அவளுக்குப் படித்துக் காட்டினேன். உழைத்த அன்று தாக்குப்பிடித்து இரண்டு நாள் கழித்துச் சரிவது என்ற இடம் வந்ததும் அவள் அழுதுவிட்டாள். அதைத்தான் மூன்று மாதமாக எனக்குச் சொல்ல முயன்றிருக்கிறாள். இன்று காலை நான் தனியாக நடந்துவிட்டு வந்தேன். அவள் ஒன்பதரை வரை உறங்கினாள், பிறகு இருவரும் ஒன்றாகப் பசியாறினோம். நாங்களும் ஒரு நோட்டுப் போட்டிருக்கிறோம். அவள் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன்.

எனக்கு ஒரு சந்தேகம், அம்மா. அவள் அறவே நடக்கக்கூடாதா? அப்படியே படுத்திருந்தால் என்னைப் போல அவள் தசையும் மெலிந்துவிடாதா?


பட்டர்வொர்த் தாதி எழுதியது:

ஐயா, நீங்கள் இதை எழுதியதற்கு நன்றி. உங்கள் அச்சம் நியாயமானது. அறவே அசையாமல் கிடக்கச் சொல்லவில்லை. நலிவை வரவழைக்காத அளவு எதுவோ அதற்குள் அவள் தாராளமாக அசையலாம். அது இன்றைக்கு வாசல் வரை என்றால் வாசல் வரைதான். படுக்கையில் இருந்தபடியே கால் பாதத்தை மேலும் கீழும் அசைப்பதும், கையை நீட்டி மடக்குவதும்கூட அசைவுதான். இரண்டு மூன்று வாரம் ஒரு சரிவும் இல்லாமல் போனால் மிகச் சிறிதளவு கூட்டிப் பாருங்கள். கூட்டிய பிறகு இரண்டு நாள் காத்திருந்து நோட்டைப் பாருங்கள். எப்போது கூட்டுவது என்பதை அவளே சொல்லட்டும்.


பிறைவாசி எழுதியது:

அண்ணன் சொன்னபடி கடிதம் கொடுத்தேன். என் சேவைக்காலம் நான்கு ஆண்டு என்பதால் 18 நாள் என்று தெரிந்தது. மீதம் ஏழு நாள் இருக்கிறது. பகல் ஷிப்ட் கிடைக்கவில்லை. உட்கார்ந்து செய்யும் பரிசோதனைப் பிரிவுக்கு இரண்டு மாதத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். இரவு வேலை இன்னும் கடினமாகத்தான் இருக்கிறது.


செந்தூல் வாசகி எழுதியது:

ஏழு வாரம் கழித்து எழுதுகிறேன். நான் முழுதாகத் தேறிவிடவில்லை, இருந்தாலும் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

நோட்டில் முதல் மூன்று வாரத்தில் தெரிந்தது: நான் விழுந்த இரண்டு முறையும், இரண்டு நாள் முன்பு மாதக் கணக்கு முடிக்க அலுவலகத்தில் இரவு எட்டு வரை இருந்திருக்கிறேன், அதே நாளில் படியும் இருமுறை ஏறியிருக்கிறேன். இரண்டில் ஒன்று மட்டும் நடந்த நாள்களுக்குப் பின் நான் விழவில்லை. இப்போது கணக்கு முடிக்கும் வாரத்தில் வீட்டிலிருந்து வேலை செய்ய எழுதிக் கேட்டேன். இரண்டு நாள் கொடுத்தார்கள். அந்த வாரத்தில் சமையல் கணவருடையது, இல்லையென்றால் கடையில் தப்பாவ் (பொட்டலச் சாப்பாடு). துணி மூட்டை கடைக்குப் போகிறது. பள்ளிச் சட்டைக் காலரை மகனே தேய்க்கிறான். அழுக்கு முழுதாகப் போவதில்லை, நான் ஒன்றும் சொல்வதில்லை.

நாடித் துடிப்பு எண்ணியதில் படுத்திருக்கையில் 72, நின்று ஐந்து நிமிடத்தில் 109. எண்களைக் கொண்டுபோய்க் காட்டியதும் மருத்துவர் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டார். இதயப் பிரிவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார், ஆகஸ்டில் முறை வருகிறது. இரத்தத்தை மறுபடியும் பார்த்ததில் இரும்புச் சத்தும் குறைவாக இருந்தது, அதற்கு மாத்திரை தொடங்கியிருக்கிறார்கள்.

அந்த மூன்று வாரத்துக்குப் பின் வந்த நான்கு வாரத்தில் ஒரு முறைதான் விழுந்தேன், அதுவும் நான்கு நாளில் எழுந்துவிட்டேன்.

மாமியாரிடம் நோட்டைக் காட்டினேன். அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் படித்தார். ஒன்றும் பேசவில்லை. மறுநாள் நான் வேலையிலிருந்து வரும்போது மூன்றாம் மாடித் திருப்பத்தில், துளசிச் செடிக்குப் பக்கத்தில், எங்கள் வீட்டுச் சிவப்பு முக்காலி போடப்பட்டிருந்தது. அந்த வீட்டாரிடம் கேட்டுவிட்டு அவர்தான் கொண்டுவந்து வைத்திருக்கிறார். இப்போது தினமும் அதில் ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டுத்தான் கடைசி மாடியை ஏறுகிறேன்.

இதயப் பிரிவில் என்ன சொன்னார்கள் என்பதை ஆகஸ்டில் வந்து எழுதுகிறேன்.